லான்ல திட்டு திட்டா காயுதா? பூஞ்சை நோய்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

வீட்டு முன்னாடி ஆசையா போட்ட லான்ல ஒரு இடம் மஞ்சளாச்சுன்னா, பாக்குறவங்க எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை "ஃபங்கஸ்". பக்கத்து வீட்டு அக்கா சொல்வாங்க, தோட்டவேலை பாக்குற அண்ணன் சொல்வாரு, நர்சரிக்கு போய் ஒரு பிடி காஞ்ச புல்லைக் காட்டினா அவங்களும் அதையே சொல்லி ஒரு பாக்கெட் மருந்தைக் கையில குடுத்துடுவாங்க. அடிச்சுப் பாப்போம், ரெண்டு வாரம் ஆகும், ஒண்ணும் நடக்காது, உடனே டோஸை டபுள் பண்ணி அடிப்போம். நானும் இப்படி ஒரு வருஷம் முழுக்க அடிச்சிருக்கேன், அதுல பாதி தடவை வந்திருந்தது பூஞ்சையே கிடையாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சது. அதனால லான்ல பூஞ்சை நோய்னா என்ன, எப்படி வருது, எப்படி கண்டுபிடிக்கிறது, எந்த இடத்துல மருந்து வேலை செய்யும்னு முதல் தடவை லான் வளர்க்கிறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதுறேன். நான் இருக்கிறது சென்னை புறநகர், எங்க வீட்டுல இருக்கிறது கொரியன் கிராஸ், அதனால உதாரணம் எல்லாம் இந்த ஊர் சீசனை வச்சுதான் இருக்கும்.

ஊறுகாய் ஜாடியும் ஈரக் கரண்டியும்

மாவடு ஜாடியில ஈரக் கரண்டியைப் போட்டா பாட்டி ஏன் அவ்ளோ கத்துவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கரண்டியில பூஞ்சை புதுசா ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வரலை, பூஞ்சையோட விதை மாதிரி இருக்கிற வித்துகள் சமையலறைக் காத்துலயே எப்பவும் மிதந்துக்கிட்டுதான் இருக்கு, ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ள விழுந்துக்கிட்டும் இருக்கு, ஆனா உப்பும் எண்ணெயும் இருக்கிற இடத்துல அதுக்கு முளைக்கிற அளவு ஈரம் கிடைக்கிறதில்ல, நாம போட்ட ஈரக் கரண்டி அந்த ஈரத்தைக் குடுத்துடுச்சு, அவ்ளோதான்.

லானும் இதே கதைதான். பூஞ்சை எங்கேயோ வெளியில இருந்து வந்து தாக்குதுன்னு நினைக்காதீங்க, நோயே இல்லாத பச்சைப்பசேல்னு இருக்கிற லான்லயும் அது மண்ணுலயும் காஞ்ச புல் குப்பையிலயும் அமைதியா உக்காந்திருக்கு. நோய் வரணும்னா மூணு விஷயம் ஒரே நேரத்துல சேரணும்: பூஞ்சை, அதுக்கு இடம் குடுக்கிற புல், அதுக்குத் தோதான ஈரமும் சூடும். இதை நோய் முக்கோணம்னு சொல்வாங்க. மூணு பக்கத்துல ஒண்ணு இல்லேன்னாலும் முக்கோணம் நிக்காது. பூஞ்சையை மண்ணுல இருந்து மொத்தமா ஒழிக்கவே முடியாது, புல்லையும் எடுக்க முடியாது, அப்போ நம்ம கையில மிச்சம் இருக்கிறது ஈரம் மட்டும்தான்.

புல்லுக்குள்ள என்னதான் நடக்குது

பூஞ்சை ஒரு நூல் மாதிரி வளருற உயிர். பழைய ரொட்டி மேல வெள்ளையா பஞ்சு மாதிரி வருதே, அதுதான். அந்த ஒவ்வொரு நூலுக்கும் பூஞ்சை இழைன்னு பேர். வித்து முளைச்சாலும் சரி, ஏற்கனவே மண்ணுல இருக்கிற இழை கிளம்பி வந்தாலும் சரி, இலைக்குள்ள நுழையணும்னா இலை மேல தண்ணிப் படலம் இருக்கணும், அதுவும் அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் பத்தாது. லான்ல அடிக்கடி வர்ற பிரவுன் பேட்ச் நோயை எடுத்துக்கிட்டா, இலை தொடர்ந்து 10, 12 மணி நேரம் ஈரமா இருந்தாதான் அது ஜோரா பரவும். உள்ள நுழைஞ்சதும் என்சைம்களை விட்டு இலையோட செல்லைக் கரைச்சு அதுல இருந்து சாப்பாட்டை உறிஞ்சிக்கும். நாம பாக்குற பழுப்பு அந்தச் செல் எல்லாம் செத்துப்போன இடம்.

பிரவுன் பேட்ச் பண்ற பூஞ்சைக்குப் பேர் ரைசாக்டோனியா சொலானி. 1858-லயே ஜூலியஸ் கூன்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி உருளைக்கிழங்குல இதைப் பாத்து எழுதி வச்சிருக்கார். நெல்லு போடுறவங்க வீட்டுல இருந்து வந்தவங்களுக்கு இது பழைய எதிரி, நெல்லுல இலையுறை கருகல்னு சொல்றோமே அதுவும் இதே இனத்தோட இன்னொரு கிளைதான். நெல்லும் புல் குடும்பம்தானே. இந்தப் பூஞ்சைக்கு ஒரு கெட்ட குணம் என்னன்னா இது வித்துகளை நம்பி இருக்கிறதில்ல, வெயில் காலத்துல கடுகு மாதிரி கெட்டியான பழுப்புக் கட்டிகளா சுருண்டு மண்ணுக்கும் புல்லுக்கும் நடுவுல தூங்கும், ஈரம் வந்ததும் எழுந்துக்கும். அதனாலதான் போன வருஷம் வந்த அதே இடத்துல இந்த வருஷமும் வட்டம் வருது.

அது தூங்குற மெத்தை எதுன்னா, புல்லோட அடியில சேர்ற காஞ்ச தண்டு, வேர் இதெல்லாம் பின்னிப்பிணைஞ்ச ஒரு பழுப்பு அடுக்கு. இதுக்கு தாட்ச்னு பேர். கொரியன் கிராஸ் வச்சிருக்கிறவங்க நடக்கும்போது பஞ்சு மெத்தை மாதிரி பொசுக் பொசுக்னு அமுங்கும் பாருங்க, அது தாட்ச் ஜாஸ்தியான அடையாளம். ஒரு சின்ன கத்தியால ஒரு துண்டு வெட்டி எடுத்து பக்கவாட்டுல பாருங்க, அந்த அடுக்கு அரை இஞ்சுக்கு மேல இருந்தா அது ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்குது, தண்ணியை வேருக்கும் விடுறதில்ல.

இதுவரைக்கும் சொன்னது: பூஞ்சை எப்பவும் இருக்கு, இலை எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஈரமா இருக்குங்கிறதுதான் நோய் வருமா வராதான்னு தீர்மானிக்குது, தாட்ச் அந்த ஈரத்துக்குத் துணை போகுது.

மழை நின்னதுக்கு அப்புறம் ஏன் வருது

இது நிறைய பேருக்குப் புரியாத இடம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில லான் ஓரளவு தாக்குப்பிடிச்சிருக்கும், மழை நின்னு மார்கழி வரும், அப்பாடான்னு இருக்கும்போது பொங்கல் நேரத்துல பாத்தா வட்டம் வட்டமா காஞ்சிருக்கும். நான் முதல்ல பாத்ததும் மார்கழியிலதான், விடியக்காலையில வாசல்ல கோலம் போட வந்தப்போ லான் மேல சாம்பல் கலர்ல ஏதோ நூலாம்படை விரிச்ச மாதிரி இருந்துச்சு, சிலந்தி வலைன்னு நினைச்சு விட்டுட்டேன், ஒரு வாரத்துல அந்த இடமெல்லாம் போச்சு.

காரணம் பனி. மார்கழியில ராத்திரி வானம் தெளிவா இருக்கும், புல் சீக்கிரம் குளிர்ந்துடும், ராத்திரி 10, 11 மணிக்கே பனி இறங்கி காலையில 8 மணி வரைக்கும் இலை நனைஞ்சே இருக்கும். ராத்திரி சூடும் 20 டிகிரி பக்கத்துல நிக்கும், கொரியன் கிராஸ் மாதிரி சாய்சியா வகைப் புல்லுக்கு வர்ற பேட்சுக்கு இந்த மிதமான சூடுதான் ரொம்ப தோது. புல்லும் அந்த சமயத்துல மெதுவா வளரும், அதனால அடிபட்டா சீக்கிரம் எழுந்துக்காது. இதுல நாம பண்ற தப்பு என்னன்னா மழை நின்னுடுச்சேன்னு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து 6 மணிக்கு ஓஸை எடுத்து நனைக்கிறது. கணக்குப் போடுங்க, 6 மணிக்கு நனைஞ்ச இலை காயுறதுக்குள்ள பனி இறங்கிடும், அடுத்த நாள் காலை 8 மணி வரைக்கும் மொத்தம் 14 மணி நேரம், பூஞ்சைக்கு வேண்டியது 10, 12 தான்.

அப்போ காலையில தண்ணி விட்டா மட்டும் நனையாதான்னு கேப்பீங்க. நனையும், ஆனா அது ஏற்கனவே பனியில நனைஞ்சிருக்கிற நேரம், கணக்குல புதுசா எதுவும் சேராது, கொஞ்ச நேரத்துல வெயில் வந்து காய வச்சுடும். இன்னொரு நல்லதும் இருக்கு. காலையில புல் நுனியில நிக்கிற சொட்டு எல்லாமே பனி கிடையாது, புல்லு தன்னோட உள்ள இருந்து நுனி வழியா வெளிய தள்ளுற சாறும் அதுல இருக்கு, அதுல சர்க்கரைச் சத்து இருக்கிறதால அது பூஞ்சைக்கு விருந்து. விடியக்காலைத் தண்ணி அதைக் கழுவி விட்டுடுது. கோல்ஃப் மைதானங்கள்ல காலையில ஒரு நீளமான கம்பையோ ஓஸையோ புல் மேல இழுத்துக்கிட்டே போவாங்க, அது இந்தச் சொட்டை உதிர்க்கத்தான். வீட்டுல ஒரு நீள மூங்கில் கழி போதும், ரெண்டு நிமிஷ வேலை.

முதல்ல இது பூஞ்சைதானான்னு பாருங்க

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாம படிங்க, ஏன்னா காசும் புல்லும் வீணாப் போறது இங்கதான்.

நாய் மூத்திரம் போன இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நடுவுல கருகி, சுத்தி ஓரத்துல மட்டும் கரும்பச்சையா செழிப்பா இருக்கும், மூத்திரத்துல இருக்கிற நைட்ரஜன் நடுவுல ஜாஸ்தியாகி எரிச்சது, ஓரத்துல உரமாச்சு. கையால யூரியா தூவினப்போ கொத்தா விழுந்த இடமும் இப்படித்தான் கருகும். மெஷின் பிளேடு மொக்கையா இருந்தா வெட்டின மறுநாள் மொத்த லானும் வெளிறிப் போன மாதிரி தெரியும், கிட்டப் போய் ஒரு இலையைப் பாத்தா நுனி வெட்டுப்படாம நார் நாரா கிழிஞ்சிருக்கும். தண்ணி பத்தலைன்னா நடந்த கால் தடம் அப்படியே பதிஞ்சு நிக்கும், இலை சுருளும். மாமரத்து நிழல்ல புல் மெலிஞ்சு போறதும் நோய் கிடையாது, வெயில் இல்லை, அவ்ளோதான்.

இந்த ஊர்ல நான் அடிக்கடி பாக்குற இன்னொண்ணு ஆர்ஓ மெஷின்ல இருந்து வர்ற கழிவுத் தண்ணியை லானுக்கு விடுறது. நல்ல மனசோட பண்றதுதான், ஆனா போர் தண்ணியில ஏற்கனவே இருக்கிற உப்பு அதுல இன்னும் அடர்த்தியா இருக்கும், மாசக்கணக்குல விட்டா மண்ணுல உப்பு ஏறி இலை நுனியில இருந்து காய ஆரம்பிக்கும், எந்த மருந்துக்கும் அது மசியாது. அதே மாதிரி போர் தண்ணி சுண்ணாம்புத் தன்மையா இருந்தா புல்லுக்கு இரும்புச் சத்து எட்டாது, புது இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா கோடு கோடா தெரியும்.

கடைசியா ஒரு இழுப்பு டெஸ்ட். காஞ்ச இடத்தோட ஓரத்துல ஒரு கைப்பிடி புல்லைப் பிடிச்சு இழுங்க. பாய் சுருட்டுற மாதிரி மொத்தமா கையோட வந்து, அடியில வெள்ளையா வளைஞ்ச தடிச்ச புழு இருந்தா அது வேர்ப்புழு, வண்டோட குட்டி. வேர் நல்லா இருந்து, தண்டு மட்டும் அடியில அழுகி சுலபமா உருவிக்கிட்டு வந்தா பூஞ்சைன்னு சந்தேகப்படலாம்.

காலை 6 மணிக்கு லான்ல உக்காருங்க

பூஞ்சையை மத்தியானம் தேடினா கிடைக்காது, காஞ்ச புல்தான் கிடைக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பனி இருக்கும்போதே போய் திட்டோட ஓரத்தைப் பாருங்க. நடு இடம் செத்துப்போன இடம், அது ஒண்ணும் சொல்லாது, நோய் இப்போ வேலை செஞ்சுக்கிட்டிருக்கிறது ஓரத்துலதான்.

அரை அடியில இருந்து மூணு அடிக்கு மேலயும் பெருசாகுற வட்டம், ஓரம் மட்டும் ஆரஞ்சு கலந்த பழுப்பு, ஒரு தண்டைப் பிடுங்கிப் பாத்தா மண்ணுக்கு ஒட்டி, தண்டைச் சுத்தியிருக்கிற இலை உறைப்பகுதியில கரும்பழுப்புப் புண்ணு, இதெல்லாம் சேர்ந்திருந்தா பிரவுன் பேட்ச் குடும்பம். ஓரத்துல வெள்ளையா சாம்பலா இழை தெரியலாம். சிலந்தி வலையும் அந்த நேரத்துல அப்படித்தான் தெரியும், ஆனா வலை புல் மேல தட்டையா விரிச்சிருக்கும், பனிச்சொட்டு முத்து மாதிரி கோர்த்து நிக்கும், கீழ புல்லு நல்லா இருக்கும். பூஞ்சை இழை புல்லுக்குள்ள பின்னி இருக்கும்.

பத்து ரூபா காயின்ல இருந்து உள்ளங்கை அளவு வரைக்கும் வைக்கோல் கலர்ல சின்னச் சின்னதா நிறைய புள்ளி இருந்தா அது டாலர் ஸ்பாட், அமெரிக்க வெள்ளி டாலர் காசு அளவுங்கிறதால வந்த பேர். ஒரு இலையை எடுத்துப் பாத்தா நடுவுல வெளிறிப்போய், ரெண்டு பக்கமும் செம்பழுப்பு கோடு போட்டு, உடுக்கை மாதிரி இடுப்பு சுருங்கின தழும்பு இருக்கும். இந்தப் பூஞ்சை வித்துல பரவுறதை விட நம்ம மெஷின் சக்கரத்துலயும் செருப்புலயும் இழையா ஒட்டிக்கிட்டுதான் அடுத்த இடத்துக்குப் போகும்.

வெள்ளைத் துணியை புல் மேல தேய்ச்சா மஞ்சள்தூளா ஒட்டுதா? துரு நோய், ரஸ்ட். அந்தத் தூள் பூராவும் வித்து. நிழல்ல இருக்கிற, சத்தில்லாம மெதுவா வளர்ற புல்லுலதான் ஜாஸ்தி வரும்.

புதுசா போட்ட லான்ல, தண்ணி தேங்குற இடத்துல, எண்ணெய் தடவின மாதிரி கருத்து வழவழன்னு படுத்துக்கிட்டு, தண்ணி ஓடுற வாட்டத்துலயே நீளமா பரவி, ஒண்ணு ரெண்டு நாள்லயே போயிடுச்சுன்னா அது பித்தியம். பாக்க பூஞ்சை மாதிரி பஞ்சு பஞ்சா இருந்தாலும் அது உண்மையான பூஞ்சை இனம் இல்ல, அதோட செல் சுவரே வேற பொருள்ல கட்டினது, அதோட வித்துகள் தண்ணியில நீந்திப் போகும். இது ஏதோ விஞ்ஞானிங்க சண்டைன்னு நினைக்காதீங்க, கடையில முதல்ல எடுத்துக் குடுக்கிற கார்பென்டசிம்ங்கிற பூஞ்சைக்கொல்லி இதுகிட்ட வேலையே செய்யாது.

சுருக்கமா, ஓரத்தைப் பாருங்க, ஒரு தனி இலையைப் பாருங்க, தண்டோட அடியைப் பாருங்க, அதுக்கப்புறம் பேர் வைங்க.

பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். லான் வாடினா முதல்ல நம்ம கை போறது யூரியாகிட்ட. டாலர் ஸ்பாட்டும் துருவும் நைட்ரஜன் பத்தாத புல்லுல வர்றது, அளவா உரம் குடுத்தா புல் வேகமா வளர்ந்து நோய்ப்பட்ட இலையெல்லாம் வெட்டுல போயிடும், பல சமயம் அதுவே போதும். ஆனா அதே யூரியாவை பிரவுன் பேட்ச்சுக்கோ பித்தியத்துக்கோ போட்டீங்கன்னா புது இலை தண்ணிச் சத்தோட மெத்துனு வரும், பூஞ்சைக்கு அது இளந்தளிர்க் கீரை மாதிரி, நோய் ரெண்டு மடங்காகும். ஒருத்தருக்கு மருந்தா இருக்கிறது இன்னொருத்தருக்கு விஷம். அதனாலதான் "எதுக்கும் கொஞ்சம் யூரியா போட்டுப் பாருங்க"ன்னு சொல்றதைக் கேட்டா எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

மருந்து இல்லாம முதல்ல பண்ண வேண்டியது

சாயங்காலத் தண்ணியை இன்னைக்கே நிறுத்துங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறதை விட்டுட்டு, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை விடியக்காலையில, மண்ணுக்குள்ள நாலஞ்சு இஞ்ச் இறங்குற மாதிரி விடுங்க, ஒரு நீள ஸ்குரூடிரைவரைக் குத்திப் பாத்தா எவ்ளோ ஆழம் நனைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். மேல் மண் நடுவுல காயட்டும், பயப்படாதீங்க. காம்பவுண்டு சுவரை ஒட்டி தொட்டிங்களை நெருக்கி வச்சிருந்தா கொஞ்சம் விலக்கி காத்து வர விடுங்க, தாழ்ந்த கிளையைக் கழிங்க.

ஈரமா இருக்கும்போது வெட்டவே வெட்டாதீங்க. புல் உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரே தடவையில எடுக்காதீங்க, மொட்டையடிச்ச மாதிரி வெட்டினா புல்லுக்கு சாப்பாடு தயார் பண்ண இலையே இருக்காது. நல்ல இடத்தை முதல்ல வெட்டிட்டு நோய் இடத்தைக் கடைசியா வெட்டுங்க, வெட்டின புல்லை அள்ளி வெளிய போட்டுட்டு மெஷினைக் கழுவிக் காய வைங்க. தாட்ச் ஜாஸ்தியா இருந்தா ரேக்கால வாரி எடுத்துட்டு சல்லடையில சலிச்ச மண்ணும் மட்கின தொழுவுரமும் கலந்து மெல்லிசா தூவலாம், ஆனா அதை நோய் நேரத்துல பண்ணாதீங்க, வெயில் வந்து புல் நல்லா வளர்ற மாசி பங்குனியில பண்ணுங்க.

மருந்து அடிக்கிறதுன்னா

ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சிருக்கணும், பூஞ்சைக்கொல்லி செத்த இலையைப் பச்சையாக்காது. எரிஞ்ச கூரையில தண்ணி ஊத்தினா தீ பக்கத்து வீட்டுக்குப் பரவாது, கூரை திரும்ப வராது. அடிச்ச ரெண்டு வாரத்துல திட்டு அப்படியே இருந்தாலும் ஓரம் மேற்கொண்டு பெருசாகலைன்னா மருந்து வேலை செஞ்சிருக்கு. இதைப் புரிஞ்சுக்காமதான் எல்லாரும் திரும்பத் திரும்ப அடிக்கிறோம்.

மருந்துல ரெண்டு வகை. தொடு மருந்து இலை மேல ஒரு படலமா நின்னு காவல் காக்கும், மான்கோசெப் அந்த மாதிரி, மழை வந்தா கழுவிடும். ஊடுருவும் மருந்து இலைக்குள்ள போய் வேலை செய்யும், புரோபிகோனசோல், ஹெக்சகோனசோல், அசாக்சிஸ்ட்ரோபின் எல்லாம் இந்த வகை. பிரவுன் பேட்ச்சுக்கு இந்த மூணும் கேக்கும், தண்டோட அடி நனையுற அளவுக்கு தண்ணி கூட்டி அடிக்கணும். டாலர் ஸ்பாட்டுக்கு புரோபிகோனசோல் சரி, ஆனா விலை ஜாஸ்தியா வாங்குற அசாக்சிஸ்ட்ரோபின் அதுகிட்ட பலிக்காது. பித்தியத்துக்கு மெட்டலாக்சில் வகை வேணும். ஒரே மருந்தையே தொடர்ந்து அடிச்சா அதைத் தாங்குற பூஞ்சை மட்டும் தப்பிச்சுப் பெருகும், அதனால அடுத்த தடவை வேற வகைக்கு மாறுங்க.

அளவு லேபிள்ல இருக்கிறதுதான். டபுள் டோஸ் அடிச்சா சீக்கிரம் போகும்னு நினைக்காதீங்க, புரோபிகோனசோல் மாதிரி மருந்து அளவு மீறினா புல்லோட வளர்ச்சியையே அமுக்கிடும், அப்புறம் திட்டு மூட இன்னும் நாளாகும். டப்பாவுல ஒரு முக்கோணம் கலர்ல இருக்கும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு நச்சுத்தன்மை குறைஞ்சுக்கிட்டே வரும், வீட்டு லானுக்கு எதை எடுக்கிறோம்னு பாத்து எடுங்க. கையுறை, மாஸ்க் போட்டு, காத்து இல்லாத நேரத்துல அடிங்க, புல் நல்லா காயுற வரைக்கும் குழந்தைங்களையும் நாயையும் விடாதீங்க, மீன் தொட்டி பக்கத்துல இருந்தா அந்தப் பக்கம் போகவே வேண்டாம், அசாக்சிஸ்ட்ரோபின் மீனுக்கு ஆகாது.

சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி மாதிரி உயிர் மருந்துகளைப் பத்தியும் கேப்பாங்க. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லு உட்பட நிறைய பயிருக்கு இதைச் சொல்லுது. நோய் வர்றதுக்கு முன்னாடியே மண்ணுல இடம் பிடிச்சு வைக்கிற வேலைதான் இது, புரட்டாசியில மட்கின உரத்தோட கலந்து போட்டா அர்த்தம் இருக்கு, வட்டம் மூணு அடி ஆனதுக்கு அப்புறம் போட்டு அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. டிரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சைங்கிறதால அதோட கூட பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்து அடிச்சா அதுவும் செத்துடும். சமையல் சோடா கரைசல் பத்தி நிறைய பேர் சொல்றாங்க, அது தண்டோட அடியில இருக்கிற நோய்கிட்ட எட்டாது, சோடியம் மட்டும் மண்ணுல சேரும், லானுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சும்மா விட வேண்டியதும் இருக்கு

மழைக்கு அப்புறம் வட்டமா காளான் முளைச்சா பதறாதீங்க, பெரும்பாலும் கீழ மக்குற பழைய மரவேரையோ கட்டையையோதான் அது சாப்பிடுது. குழந்தைங்க எடுத்து வாயில வைக்காம இருக்க பிடுங்கிப் போட்டுடுங்க, மருந்து வேண்டாம். மண்ணு தண்ணியை உள்ள விடாம வறண்டு போன வட்டமா இருந்தா மட்டும் ஒரு கம்பியால ஓட்டை போட்டு நல்லா நனைங்க. புல் மேல சாம்பல் தூவின மாதிரி கருப்பா குட்டிக்குட்டி உருண்டை வந்தா அது சளிப்பூஞ்சை, பேர்ல பூஞ்சை இருந்தாலும் இது வேற உயிர், புல்லைச் சாப்பிடாது, ஓஸால வேகமா அடிச்சா போயிடும்.

எங்க லான்ல போன மார்கழியில வந்த வட்டம் ரெண்டு. ஒண்ணுக்கு ஒரே ஒரு தடவை ஹெக்சகோனசோல் அடிச்சேன், இன்னொண்ணுக்கு காலைத் தண்ணியும் மூங்கில் கழியும் மட்டும்தான். ரெண்டுமே ஓரம் நின்னுடுச்சு. கொரியன் கிராஸ் மெதுவாத்தான் ஓடும், அருகம்புல்லா இருந்தா சில வாரத்துல மூடியிருக்கும், இது சித்திரை கடைசி வரைக்கும் ஆச்சு, ஓரத்துல இருந்து ஒவ்வொரு ஓடுதண்டா உள்ள வந்து வேர் விட்டு மூடுறதை தினமும் காலையில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்.